பௌலிங் பந்தில் துளை அளவு தப்பினால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

துளையிட்ட பந்து கைக்குப் பொருந்தவில்லை என்றால் எல்லாரும் முதலில் டிரில் மெஷினைத்தான் திட்டுகிறார்கள். என்னிடம் திரும்பி வந்த பந்துகளில் பெரும்பாலானவற்றில் டிரில் சொன்ன இடத்தில்தான் இறங்கியிருந்தது. சொன்ன இடம்தான் தப்பு. அதனால் இங்கே எந்த அறிகுறியை எடுத்தாலும் முதலில் ஸ்கேல், அப்புறம் கணக்கு, அப்புறம் பந்தைப் பிடித்த விதம், கடைசியில்தான் மெஷின் என்று போகிறேன். செலவும் அந்த வரிசையில்தான் ஏறும்.

## எதற்கும் முன்னால் ஐந்து நிமிடம்

பழைய பந்து ஒன்றை ஒப்புப் பந்தாக ஒதுக்கி வையுங்கள். அதில் பிட்ச் (துளையின் சாய்வு) இல்லாமல் நேராக இறங்கிய துளை இரண்டு, விளிம்புகள் கூராக, பெவல் போடாமல் (விளிம்பை மழுக்காமல்) இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் புது ஸ்கேலால் அளந்து பந்தின் மேலேயே எழுதிவிடுங்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் கையில் இருக்கும் ஸ்கேலை அந்தப் பந்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு முறை ஒருவருக்கு அடுத்தடுத்து இரண்டு பந்திலும் ஸ்பேன், அதாவது கட்டைவிரல் துளைக்கும் விரல் துளைக்கும் நடுவே உள்ள தூரம், கூடிப்போனது. கையை இரண்டு முறை அளந்தேன், அளவு எழுதிய தாளைச் சரிபார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் வளையும் ஸ்கேலின் முனையை நகத்தால் தடவினபோதுதான் தெரிந்தது. பூஜ்யக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டிய விளிம்பு வழுவழுவென்று தேய்ந்து, மூலை உருண்டிருந்தது. துளை விளிம்பில் கொக்கி போல் மாட்ட வேண்டிய முனை, உள்ளே வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து 1 அங்குலக் கோட்டில் தொடங்கி அளந்து, கடைசியில் 1 கழிப்பதுதான் வழக்கம். கழிக்க மறந்தால் ஒரு அங்குலம் தப்பும். அது குறிக்கும்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடும். 1/32 தப்பினால் தெரியாது.

## அறிகுறி 1: தாளில் உள்ளபடிதான் போட்டேன், ஸ்பேன் பொருந்தவில்லை

அதிகம் வருவது இதுதான். கை என்ன சொல்கிறது என்று முதலில் கேளுங்கள். விரல் நரம்பு இழுக்கிறது, கட்டைவிரல் அடியில் வலிக்கிறது, கட்டைவிரல் தாமதமாக வெளிவருகிறது என்றால் ஸ்பேன் நீளம். பந்தை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, விரல் மடங்குகிறது, பந்து கையிலிருந்து நழுவுகிறது என்றால் குட்டை.

எதால் அளந்தீர்கள்? ஸ்பேன் என்பது பந்தின் வளைவின் மேல் போகும் அளவு. நேர்கோட்டில் அளக்கும் கேலிப்பரை இரண்டு துளைக்கும் குறுக்கே வைத்தால், வளைவின் மேல் 4 1/2 அங்குலம் இருப்பது 4.3 அங்குலம்தான் காட்டும். வித்தியாசம் 3/16க்கும் மேல். கேலிப்பரில் 4 1/2 வரவேண்டும் என்று பார்த்துப் போட்டவரின் பந்து நீளமாகத்தான் வரும். கேலிப்பர் துளை விட்டத்துக்கு. ஸ்பேனுக்கு வளையும் ஸ்கேல்.

எந்த விளிம்பிலிருந்து எந்த விளிம்புக்கு? இங்கேதான் பாதிப் பேர் விழுகிறார்கள். ஸ்பேன் என்றால் கட்டைவிரல் துளையில் விரல்களைப் பார்த்த விளிம்பிலிருந்து, விரல் துளையில் கட்டைவிரலைப் பார்த்த விளிம்பு வரை. இன்செர்ட்டும் (விரல் துளைக்குள் ஒட்டும் ரப்பர் குழல்) ஸ்லக்கும் (கட்டைவிரல் துளைக்குள் ஒட்டி, அதில் துளை போடும் உருளை) இல்லாத பந்தில் குழப்பமே இல்லை. இரண்டும் வந்துவிட்டால் ஒரே பந்தில் இரண்டு ஸ்பேன் உண்டாகிறது. ஒன்று தோல் படும் விளிம்புகளுக்கு நடுவே உள்ள முழு ஸ்பேன், இன்னொன்று பந்தில் வெட்டிய துளைகளுக்கு நடுவே உள்ள வெட்டு ஸ்பேன். தாளில் எது எழுதியிருக்கிறது?

ஒரு கணக்குப் போடலாம். முழு ஸ்பேன் 4 1/2. விரல் துளை 31/32, அதில் போகும் இன்செர்ட்டின் உள்விட்டம் 25/32. சுவர் இருபக்கமும் சமம் என்றால் ஒரு பக்கம் 3/32. கட்டைவிரலுக்கு 1 1/4 ஸ்லக், அதன் நடுவில் 1 அங்குலத் துளை, அதாவது சுவர் 1/8. வெட்டு ஸ்பேன் = 4 1/2 − 3/32 − 1/8 = 4 9/32. இந்தக் கழித்தலை மறந்து 4 1/2ஐயே வெட்டு ஸ்பேனாகப் போட்டால் பந்து 7/32 நீளமாகிவிடும். அந்த அளவுக்கு யார் கையும் பொறுக்காது.

இதில் ஒரு எச்சரிக்கை. எல்லா இன்செர்ட்டுக்கும் சுவர் சமமாக இருக்காது. விரல் திண்டு படும் பக்கம் தடித்திருக்கும் வகைகள் உண்டு. டப்பாவில் எழுதியதை விட்டுவிட்டு, கையில் இருக்கும் இன்செர்ட்டின் அந்தப் பக்கச் சுவரைக் கேலிப்பரால் அளந்துவிடுங்கள்.

பெவல் போட்ட பிறகு அளந்தீர்களா? பெவல் விளிம்பைப் பின்னுக்குத் தள்ளும், ஸ்கேல் எங்கே நிற்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பெவலுக்கு முன் அளந்து எழுதிவிடுவது நல்லது. அடுத்தவர் போட்ட பந்திலிருந்து அளவெடுக்கும்போது அந்த வசதி இல்லை. அப்போது துளையின் நேர்ச்சுவர் தொடங்கும் இடத்தை நகத்தால் தடவிப் பார்த்து அங்கிருந்து அளக்க வேண்டும்.

மையத்தைக் குறிக்கும்போது? விளிம்பிலிருந்து மையம், துளையின் பாதி விட்டம். 31/32 துளைக்கு 31/64. விரலின் அளவில் பாதியைச் சேர்த்துவிட்டு 31/32 டிரில் பிட்டைப் போட்டால் துளை கட்டைவிரல் பக்கம் பெருத்து ஸ்பேன் குட்டையாகும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கை மறுத்தால், கையை அளந்ததுதான் தப்பு. விரலை விறைப்பாக நீட்டச் சொல்லி அளந்திருப்பீர்கள். தளர்வாக வைக்கச் சொல்லி, பந்து வீசி முடித்து கை சூடாக இருக்கும்போது மறுபடி அளங்கள்.

சரிசெய்வது எப்படி? 1/16க்குள் என்றால் உள்விட்டமோ சுவரோ மாறுபட்ட இன்செர்ட் போதும். அதைவிடக் கொஞ்சம் அதிகம், ஸ்லக்கின் சுவர் இடம் கொடுக்கிறது என்றால் ஸ்லக்கைத் தோண்டி எடுத்துப் புதிய ஸ்லக்கில் துளையை நகர்த்திப் போடலாம். அதற்கு மேல் என்றால் துளையை அடைத்து மறுபடி போடுவதுதான் வழி. விளிம்பை மட்டும் அரத்தால் தேய்த்து ஸ்பேனைக் குறைக்கும் வேலை வேண்டாம். மேலே ஒரு ஸ்பேன், உள்ளே ஒரு ஸ்பேன் என்று துளை புனலாகிவிடும்.

## அறிகுறி 2: பிட்ச் கேஜ் வேறு ஏதோ காட்டுகிறது

துளையின் அச்சு பந்தின் மையத்தை எவ்வளவு தள்ளிக் கடக்கிறது என்பதுதான் பிட்ச். 3 அங்குல ஆழத்தில் 1/8 பிட்ச் மாற்றம், துளைச் சுவரை 3/32க்கும் கொஞ்சம் குறைவாகத்தான் நகர்த்துகிறது. அதனால் சின்னத் தூசி கூட, துளைக்குள் வைத்துப் பிட்சை அளக்கும் கேஜை ஏமாற்றிவிடும். துளை அடியில் ஒட்டிய 1/32 தடிமன் பசைத்துளி ஒன்றின் மேல் கேஜ் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட 3/64 பிட்ச் பொய்யாகச் சேரும்.

துளையைத் துடையுங்கள். பசை, டேப் மிச்சம், டிரில் தூள் எல்லாம் போகட்டும். இன்செர்ட் உள்ளே இருந்தால் கேஜ் வளைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரப்பரை நம்பி பிட்ச் எடுக்காதீர்கள்.

கேஜைத் திருப்புங்கள். ஒரு திசையில் படித்த பிறகு 180 பாகை திருப்பி மறுபடி படியுங்கள். அதே எண் எதிர்த்திசையில் வரவேண்டும். ஒரு பக்கம் 1/4, திருப்பினால் 1/8 என்றால் கேஜ் 1/16 தப்பு, உண்மை 3/16. இது செலவே இல்லாத சோதனை. இதைச் செய்யாமல் மெஷினைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு.

வலமா இடமா? பக்கவாட்டுப் பிட்ச் எதிர்ப்பக்கம் போயிருக்கிறதா? அப்படியென்றால் அளவு சரி, வார்த்தை தப்பு. எழுதியவர் பந்தை விரல் துளை மேலே இருக்கும்படி பார்த்து எழுதியிருப்பார், போட்டவர் கட்டைவிரல் மேலே இருக்கும்படி வைத்திருப்பார். தாளில் 'வலம்', 'இடம்' என்று எழுதுவதை விட்டு 'உள்ளங்கைக்கு அடியில்', 'உள்ளங்கையை விட்டு விலகி' என்று எழுத ஆரம்பித்த பிறகு இந்தப் பிழை எனக்குத் திரும்ப வரவில்லை. இடக்கைக்காரரின் தாளை வலக்கைக்காரரின் தாளிலிருந்து நகல் எடுக்கும்போதும் இதுதான் நடக்கும்.

மெஷினா, பந்தைப் பிடித்த விதமா? இங்கே கிளை பிரிகிறது. தேவையில்லாத பந்தை ஜிக்கில் (மெஷினில் பந்தைப் பிடிக்கும் தாங்கி) பிடித்து, எல்லாத் திசையிலும் பிட்ச் பூஜ்யமாக வைத்து ஒரு துளை போடுங்கள். பந்தைக் கழற்றும் முன் மெஷினின் முன்பக்கத்தைப் பந்தின் மேல் அம்புக்குறியால் குறியுங்கள். அம்புக்குறி இல்லாவிட்டால் இந்தச் சோதனையே வீண். பந்தைக் கழற்றி வேறு இடத்தைத் திருப்பி, அதே பூஜ்யத்தில், அதே மாதிரி அம்புக்குறியோடு இன்னும் இரண்டு துளை. மூன்றையும் கேஜால் படியுங்கள்.

மூன்றும் அம்புக்குறிக்கு ஒரே பக்கம், ஒரே அளவு சாய்ந்திருந்தால் ஜிக்கின் மையம் ஸ்பிண்டிலுக்கு (பிட்டைச் சுழற்றும் தண்டு) நேராக இல்லை. டேபிள் பூஜ்யத்தை அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் நகர்த்தி மறுபடி மூன்று துளை. தீர்ந்தது.

மூன்றும் மூன்று பக்கம் சாய்ந்தால் பந்து நகர்கிறது. ஜிக் இருக்கையில் தூள் படிந்திருக்கிறதா, ரப்பர் தேய்ந்திருக்கிறதா, பந்து பாலிஷால் வழுக்குகிறதா என்று பாருங்கள்.

சாய்வு ஒன்றும் இல்லை, ஆனால் துளை பிட்டை விடப் பெரிதாக வந்திருக்கிறது என்றால் பிட் ஆடுகிறது. பிட்டை மாற்றிப் பாருங்கள். புது பிட்டும் ஆடினால் பிட்டைக் கவ்வும் சக், அதுவும் சரி என்றால் ஸ்பிண்டில் பேரிங். பிட் இல்லாமல் ஸ்பிண்டிலில் டயல் இண்டிகேட்டரை வைத்துக் கையால் சுற்றும்போதே ஊசி ஆடுகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பேரிங் மாற்றுவதும் ஸ்பிண்டிலை நேராக்குவதும் மெஷின் மெக்கானிக் வேலை. ஜிக் போல்ட்டை இறுக்கி இறுக்கி அதைச் சமாளிக்க முடியாது.

## அறிகுறி 3: குறித்த புள்ளியில் துளை விழவில்லை

பிட்ச் கூடின துளைகளில்தான் இது அதிகம். பிட்ச் வைத்ததும் பிட் பந்தின் மேல்பரப்பைச் செங்குத்தாகத் தொடாது, சரிவில் தொடும். நுனி வழுக்கிச் சரிவின் கீழ்ப்பக்கம் ஓடும். வழுக்கிய பிறகு ஆழமாக இறக்கினாலும் திரும்பி வராது.

முதலில் மலிவான காரணங்கள். பென்சில் கோடு தடிமனாக இருந்தால் கோட்டின் எந்தப் பக்கம் என்பதிலேயே 1/16 போய்விடும். மெழுகுப் பென்சிலைக் கூராக்கி, குறுக்குக்கோட்டின் வெட்டுப்புள்ளியைக் கூர்முனையால் லேசாகக் குத்திவிடுங்கள். பிட்ச் வைத்த பிறகு பந்தை நகர்த்திப் புள்ளியை மறுபடி ஸ்பிண்டிலுக்கு அடியில் கொண்டுவந்தீர்களா என்றும் பாருங்கள். முதலில் புள்ளி, அப்புறம் பிட்ச் என்று வைத்துவிட்டு அப்படியே இறக்கினால் துளை பிட்ச் அளவுக்குத் தள்ளித்தான் விழும். வெட்கப்படத் தேவையில்லை, அவசரத்தில் எல்லாரும் செய்வதுதான்.

அதுவும் சரி என்றால் பிட். மழுங்கிய பிட், நீளமான பிட் இரண்டும் ஓடும். குட்டையான, விறைப்பான கட்டரால் முதல் 1/8 அங்குலத்தை மெதுவாக எடுத்துத் தட்டையான இருக்கை உண்டாக்கிவிட்டு, அப்புறம் முழு பிட்டை இறக்கினால் நகராது.

## அறிகுறி 4: கட்டைவிரல் ஒரு நாள் மாட்டுகிறது, ஒரு நாள் வழுக்குகிறது

நாளுக்கு நாள் மாறினால் துளையைத் தொடாதீர்கள். மாறுவது விரல். ஆட ஆட வீங்கும், குளிரில் சுருங்கும். துளையைக் கொஞ்சம் பெரிதாக வைத்து டேப்பால் சரிசெய்துகொள்வதுதான் வழி.

எல்லா நாளும் ஒரே மாதிரி மாட்டினால் மட்டும் அளக்கலாம். துளையைக் கேலிப்பரால் இரண்டு திசையில், மேலேயும் ஒரு அங்குலம் உள்ளேயும் அளங்கள். மேலே சரி, உள்ளே இறுக்கம் என்றால் தேய்ப்புக் காகிதம் சுற்றிய உருளை அடிவரை போகவில்லை. விட்டம் சரியாக இருந்தும் மாட்டினால் பிட்சைப் பாருங்கள். முன்பிட்ச் (விரல்களை நோக்கிய சாய்வு) கூடினால் விரல் தங்கும். பின்பிட்ச் (விரல்களை விட்டு விலகிய சாய்வு) கூடினால் சீக்கிரம் வெளிவரும். ஆனால் நழுவிவிடுமோ என்ற பயத்தில் ஆள் இறுக்கிப் பிடிப்பார், அதனாலும் மாட்டும். இந்த இரண்டையும் பிரித்தறிய ஆள் பந்து வீசுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், ஸ்கேல் சொல்லாது.

கட்டைவிரலின் உட்பக்கத்தில் மரத்துப்போவதோ, சுருக்கென்று மின்சாரம் பாய்வது போலவோ, தொட்டால் உருளும் சின்னக் கட்டியோ இருந்தால் துளையை விட்டுவிட்டு டாக்டரிடம் அனுப்புங்கள். துளை விளிம்பு அந்த நரம்பைத் திரும்பத் திரும்ப அழுத்துவதால் வருவது அது. பௌலர் கட்டைவிரல் என்றே அதற்குப் பெயர் இருக்கிறது.

## அறிகுறி 5: லேஅவுட் கணக்கு ஒன்று, பந்து ஓடுவது வேறு

முதலில் பந்தின் மேல்பரப்பைத் துடைத்து, தேவையென்றால் லேசாகத் தேய்த்து ஓடவிட்டுப் பாருங்கள். எண்ணெய் குடித்த பந்து எந்த லேஅவுட்டையும் (பந்தில் துளைகளை எங்கே போடுவது என்ற திட்டம்) பொய்யாக்கும். அதற்குப் பிறகும் மாறவில்லை என்றால் அளவுக்குப் போகலாம்.

எல்லா லேஅவுட்டும் பி.ஏ.பி. புள்ளியிலிருந்து கிளம்புகிறது. கையை விட்டதும் பந்து எந்த அச்சில் சுழல்கிறதோ அந்த அச்சு பந்தின் மேல் வெளிவரும் இடம் அது. பிடியின் மையத்திலிருந்து பக்கவாட்டில் இத்தனை, மேலே அல்லது கீழே இத்தனை என்று எழுதுவார்கள், உதாரணமாக 5 பக்கம், 1/2 மேல். கவனியுங்கள், தொடக்கம் பிடியின் மையம். ஸ்பேன் மாறினால் அந்த மையமும் நகரும். பழைய பந்தில் எடுத்த எண்ணைப் புதிய ஸ்பேனில் அப்படியே போட்டால் புள்ளியும் தள்ளிப்போகும்.

புள்ளி சரியா என்று பார்க்க வெள்ளை டேப் துண்டு ஒன்று போதும். பி.ஏ.பி. என்று நினைக்கும் இடத்தில் ஒட்டிப் பந்தை வீசச் சொல்லுங்கள். கையை விட்ட உடனே டேப் ஒரே இடத்தில் நின்று சுற்றினால் சரி. வட்டம் போட்டால் இல்லை. போன் கேமராவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பதும் தெரியும்.

அடுத்து, பந்தின் வளைவோடு உட்காரும் கால்வட்டத் தகடான புரோசெக்ட். 27 அங்குலச் சுற்றளவில் கால்வட்டம் 6 3/4. தகட்டின் ஒரு முனையை ஒரு புள்ளியில் வைத்துக் குறித்து, பந்தைச் சுற்றி நான்கு முறை நகர்த்தித் தொடங்கின இடத்துக்கே வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் தகடு பந்தில் ஒட்டி உட்காரவில்லை, அல்லது கோணல். பந்து தேய்ந்து சிறுத்ததால்தான் அளவு தப்பியது என்று சிலர் சொல்வார்கள். பந்தின் விட்டம் 8.500லிருந்து 8.595 அங்குலத்துக்குள்தான் இருக்க வேண்டும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே கால்வட்டம் 5/64க்கும் குறைவாகத்தான் மாறும். காரணம் அங்கே இல்லை.

கோணங்களும் இடம் மாறலாம். 50 × 4 1/2 × 30 என்று எழுதினால் முதல் கோணம் 'பின்' (pin) என்ற, பந்தின் உட்கருவின் உச்சியைக் காட்டும் நிறப்புள்ளியில் அளப்பது, கடைசிக் கோணம் பி.ஏ.பி.யில் அளப்பது. இரண்டையும் மாற்றிப் போட்டால் பந்து வேறு பந்தாகிவிடும். துளை போடும் முன் மாட்டினால் துடைத்துவிட்டுப் புதிதாகக் குறியுங்கள். போட்ட பின் என்றால் அடைக்கும் செலவுக்கு முன்னால் அந்தப் பந்தை வேறு வகை லேனில் ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். இரண்டு பேர் அந்தத் தப்பான பந்தையே பிடித்துப்போய் வைத்துக்கொண்டார்கள்.

## அறிகுறி 6: தராசு ஒவ்வொரு முறையும் வேறு எடை காட்டுகிறது

பந்தின் இரு பக்க எடை வித்தியாசத்தைக் காட்டும் டோடோ தராசு மட்டமாக நிற்கிறதா, மேலே மின்விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். பாதிக் கேஸ் இத்தோடு முடியும். பிறகு பந்தை 180 பாகை திருப்பி மறுபடி நிறுங்கள். ஒரு பக்கம் 1 1/2 அவுன்ஸ், திருப்பினால் எதிர்ப்பக்கம் 1 என்றால் தராசு 1/4 அவுன்ஸ் சாய்கிறது, உண்மை 1 1/4.

10 பவுண்டுக்கு மேற்பட்ட பந்துக்கு யூ.எஸ். பௌலிங் காங்கிரஸ் விதிப்படி மேல்-கீழ், பக்கம், விரல்-கட்டைவிரல் ஒவ்வொன்றிலும் 3 அவுன்ஸ் வரை எடை வித்தியாசம் இருக்கலாம். 2020 ஆகஸ்ட் 1 முதல் சமன்செய்யும் கூடுதல் துளைக்கு அனுமதி இல்லை. பழைய பழக்கத்தில் எடை அதிகம் என்று நான்காவது துளை போட்டுவிடாதீர்கள். எல்லை தாண்டினால் இருக்கும் துளையை அடைத்து லேஅவுட்டை மாற்றுவதுதான் வழி. போட்டிக்குப் போகும் பந்தை, சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பரின் தராசில் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

## அறிகுறி 7: விரல் துளைகளுக்கு நடுவே விரிசல்

பிரிட்ஜை, அதாவது இரண்டு விரல் துளைக்கும் நடுவே நிற்கும் பகுதியை, இன்செர்ட்டிலிருந்து இன்செர்ட் வரை அளந்து 3/8 இருக்கிறதே என்பார்கள். மேலே சொன்ன அதே 31/32, 25/32 கணக்கில் பார்த்தால் பந்தின் உண்மையான பொருள் 3/16தான். உளியால் வெட்டின மாதிரி விரிசல் ஓட அது போதும். பந்தில் வெட்டிய விளிம்புகளுக்கு நடுவே 1/4க்குக் குறையாமல் வையுங்கள். கையில் வித்தியாசம் தெரியாது. இரண்டு விரல் துளைக்கும் பக்கவாட்டுப் பிட்ச் எதிரெதிராக இருந்தால் மேலே 1/4 இருந்தும் உள்ளே இரண்டு சுவரும் நெருங்கும், அதையும் ஆழத்தில் கணக்குப் பார்த்துவிடுங்கள்.

விரிசல் வந்துவிட்டால் அதன் நுனியைக் கூர்ப் பென்சிலால் குறுக்கே கோடிட்டுத் தேதி போடுங்கள். பத்து ஆட்டம் கழித்தும் கோட்டுக்குள்ளேயே நின்றால் பிரிட்ஜ் மட்டும்தான், இரண்டு துளையையும் அடைத்து அகலமாகப் போட்டால் பந்து இன்னும் ஓடும். கோட்டைத் தாண்டிப் பந்தின் உடம்பில் இறங்கியிருந்தால் ஆடுவதற்கென்று அடைக்கவும் வேண்டாம், மறுபடி டிரில் வைக்கவும் வேண்டாம். அந்தப் பந்துதான் உங்கள் அடுத்த ஒப்புப் பந்து, விரிசல் இல்லாத பக்கத்தில் இரண்டு நேர்த்துளை போட்டுக்கொள்ளலாம்.